டோங்காவிலிருந்து சென்னை வரை: ஒரு அழுத்த அலையின் நிகழ்வு ஆய்வு

2022 ஜனவரி 15, மாட்டுப் பொங்கல். இரவு எட்டரை மணிக்கு மொட்டை மாடியில் உட்கார்ந்து கரும்பு கடித்துக்கொண்டிருந்தேன். ஏறக்குறைய அந்த நேரத்தில்தான் சென்னைக்கு மேலே நின்ற காற்று முழுவதும், தரையிலிருந்து பல கிலோமீட்டர் உயரம் வரை ஒன்றாக, கடல் பக்கமிருந்து உள்நாட்டை நோக்கி நூறு மீட்டருக்கு மேல் நகர்ந்து, பிறகு திரும்பி வந்திருக்கிறது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பக்கத்து மாடியில் பட்டம் விட்டுக் களைத்துப் படுத்திருந்த பையனுக்கும் தெரிந்திருக்காது. தெரிந்தது காற்றழுத்தத்தை அளக்கும் பாரமானிகளுக்கு மட்டும்.

அன்று காலை நம் நேரப்படி சுமார் 9.45 மணிக்கு, தென் பசிபிக்கில் டோங்கா நாட்டின் தலைநகரான நுகுஅலோபாவிலிருந்து ஏறக்குறைய 65 கி.மீ. வடக்கே, ஹுங்கா டோங்கா–ஹுங்கா ஹாபாய் என்ற கடலடி எரிமலை வெடித்தது. சாம்பலும் நீராவியும் கலந்த தூண் 57 கி.மீ. உயரம் போனது. அந்த வெடிப்பு காற்றில் எழுப்பிய அழுத்த அலை பூமியை ஒருமுறை அல்ல, பலமுறை சுற்றியது. ஆறு நாட்கள் வரை உலகெங்கும் உள்ள பாரமானிகள் அதைப் பதிந்துகொண்டிருந்தன.

வாயு இயக்கவியல் பாடம் எடுப்பவர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு கேள்வி தவறாமல் வரும்: "சமன்பாடுகள் நேரியல் அல்லாதவை என்கிறீர்கள், பிறகு சிறு உறுப்புகளை எல்லாம் தூக்கி எறிந்துவிட்டு நேரியல் ஆக்குகிறீர்கள். இது தேர்வுக்காகச் செய்யும் வசதிதானே?" நேரியல் என்றால், காரணம் இருமடங்கானால் விளைவும் இருமடங்காகும்; இரண்டு அலைகள் சேர்ந்தால் வெறுமனே கூட்டினால் போதும். அந்தக் கேள்விக்கு நான் இப்போது சொல்லும் பதில் இந்த டோங்கா அலை. கருவிகளில் பதிவான மிகப் பெரிய வெடிப்புகளில் ஒன்று. ஆனாலும் அது அனுப்பிய அலையின் பயணத்தில் பெரும்பகுதியை ஒரு தாளும் பென்சிலும் வைத்து நேரியல் கணக்கிலேயே சொல்லிவிடலாம். எங்கே சொல்ல முடியாது என்பதையும் அதே கணக்கே காட்டிக்கொடுக்கிறது.

எவ்வளவு சிறியது

முதலில் அளவுகள். ஜப்பானில் அன்றிரவு அழுத்தம் சுமார் 2 ஹெக்டோபாஸ்கல் (200 பாஸ்கல்) ஏறி இறங்கியது. கடல் மட்டத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய 1010 ஹெக்டோபாஸ்கல். அதாவது ஆயிரத்தில் இரண்டு பங்கு. ஐந்து மாடிக் கட்டடத்தில் படியேறி மேலே போனால் அழுத்தம் குறையுமே, அதே அளவுதான். லிப்டில் ஏறும்போது அதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை.

இந்த 2 ஹெக்டோபாஸ்கலிலிருந்து மற்றவை தாமாக வருகின்றன. அலையோடு காற்று எவ்வளவு வேகத்தில் அசைகிறது? அழுத்த மாற்றத்தைக் காற்றின் அடர்த்தியாலும் ஒலியின் வேகத்தாலும் வகுத்தால் போதும்: 200 பாஸ்கல், கனமீட்டருக்கு 1.2 கிலோ, நொடிக்கு 340 மீட்டர். விடை நொடிக்கு அரை மீட்டர். சாம்பிராணிப் புகையை லேசாகச் சாய்க்கும் வேகம். வெப்பநிலை எவ்வளவு ஏறும்? ஆறில் ஒரு பங்கு டிகிரி. அடர்த்தி? ஆயிரத்தில் ஒன்றரைப் பங்குக்கும் குறைவு.

அரை மீட்டர் வேகம் என்பது ஒன்றுமில்லாதது போலத் தோன்றும். ஆனால் அந்தத் தள்ளல் ஒரு திசையில் சுமார் பத்து நிமிடம் நீடிக்கிறது. பத்து நிமிடம் மெதுவாகத் தள்ளினால் காற்று நூறு மீட்டருக்கு மேல் போய்விடும். மாடியில் எனக்குத் தெரியாமல் நடந்தது அதுதான்.

இனி, எறிந்துவிட்ட உறுப்புகளுக்கு வருவோம். வாயு ஓட்டத்தின் அடிப்படை விதிகள் மூன்று. நெருக்கினால் அடர்த்தி கூடும். அழுத்தம் எந்தப் பக்கம் அதிகமோ அங்கிருந்து எதிர்ப்பக்கம் காற்று முடுக்கப்படும். வெப்பம் வெளியே போக நேரமில்லாதபோது அழுத்தமும் அடர்த்தியும் ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் சேர்ந்து மாறும். இரண்டாவது விதியில்தான் வில்லங்கம். காற்று தன் வேகத்தைத் தானே சுமந்து செல்கிறது; வேகம் வேகத்தோடு பெருக்கப்படுகிறது. அந்த உறுப்பைத்தான் நேரியல் ஆக்கும்போது விடுகிறோம். அதன் அளவுக்கும் மீதி உறுப்புகளின் அளவுக்கும் உள்ள விகிதம், காற்றின் அசைவு வேகத்துக்கும் அலையின் வேகத்துக்கும் உள்ள விகிதமே. இங்கே அரை மீட்டருக்கு 340 மீட்டர். ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு. காய்கறிக்கடைத் தராசில் இதைவிடப் பெரிய பிழையை நாம் தினமும் பொறுத்துக்கொள்கிறோம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. சிறு பிழை ஒவ்வொரு நொடியும் ஒரே பக்கம் சேர்ந்துகொண்டே போனால் கடைசியில் பெரிதாகும். அலையின் முகடு அடிவாரத்தைவிடச் சற்றுச் சூடானது, அதனால் அங்கே ஒலியின் வேகம் சற்று அதிகம். போதாததற்குக் காற்றும் அங்கே முன்பக்கமாக அசைந்துகொண்டிருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் முகடு, அசைவு வேகத்தைப் போல் 1.2 மடங்கு, அதாவது நொடிக்கு 0.6 மீட்டர் கூடுதலாக ஓடும். டோங்காவிலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய 12,000 கி.மீ. அந்த வழி முழுவதும் இதே அளவு என்று வைத்துக்கொண்டால் முகடு முந்தும் தூரம் 23 கி.மீ. அலையின் நீளமோ நூற்றுக்கணக்கான கி.மீ. துடிப்பின் முகம் லேசாகச் செங்குத்தாகியிருக்கும். உடைந்து, அழுத்தம் சட்டென்று சுவர்போல எகிறும் அதிர்ச்சி அலையாகியிருக்காது. நேரியல் கணக்கு தாக்குப்பிடிக்கிறது.

எங்கே தாக்குப்பிடிக்காது

வெடித்த இடத்துக்குப் பக்கத்தில் தாக்குப்பிடிக்காது. இதற்கு நல்ல எண் டோங்காவிலிருந்து அல்ல, 1883இலிருந்து கிடைக்கிறது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 27 காலை, ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் நடுவே கிராக்கட்டோவா எரிமலை வெடித்தபோது, 160 கி.மீ. தள்ளியிருந்த பட்டேவியா (இன்றைய ஜகார்த்தா) நகரின் எரிவாயு ஆலையில் அழுத்தமானி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. தெருவிளக்குகளுக்குப் போகும் வாயுவைக் கண்காணிக்க வைத்த கருவி. அதில் முள் இரண்டரை அங்குலப் பாதரசத்துக்கு மேல் துள்ளியது. கிட்டத்தட்ட 8500 பாஸ்கல், காற்றழுத்தத்தில் நூற்றுக்கு எட்டுப் பங்கு.

முன்பு போட்ட அதே கணக்கை இதற்கும் போடலாம். காற்றின் அசைவு நொடிக்கு 20 மீட்டர். வெப்பநிலை ஏற்றம் 7 டிகிரி. முகடு நொடிக்கு 24 மீட்டர் கூடுதலாக ஓடும். ஒரு மணி நேரத்தில் 85 கி.மீ.க்கு மேல் முந்திவிடும். இந்த வேகத்தில் எந்த அலையும் தன் உருவத்தைக் காப்பாற்றிக்கொள்ள முடியாது. அங்கே நேரியல் பேச்சுக்கு இடமில்லை. ஆனால் அலை பரவப் பரவ வலு குறைகிறது, வலு குறையக் குறைய முந்துவதும் குறைகிறது. ஒரு தூரத்துக்கு அப்பால் அலை தானாகவே நேரியலுக்குள் வந்து அடங்கிவிடுகிறது. இந்தியப் பெருங்கடலின் ரொட்ரிகஸ் தீவில், ஏறக்குறைய 4800 கி.மீ. தள்ளி, நான்கு மணி நேரம் கழித்துக் கேட்ட ஓசையைத் தீவின் காவல்துறைத் தலைவர் தொலைவில் பீரங்கி முழங்குவது போல இருந்தது என்று எழுதி வைத்தார். இலங்கையிலும் அந்த ஓசை கேட்டது. வெடிப்பிலிருந்து வந்தாலும், அப்போது அது வெறும் ஒலி.

வேகம் எங்கிருந்து வந்தது

டோங்கா அலையின் வேகம் நொடிக்கு 310 முதல் 318 மீட்டர் வரை என்று அளந்தார்கள். நான் கணக்குகளுக்கு 313 என்று வைத்துக்கொள்கிறேன். சென்னைக்கு 10 மணி 40 நிமிடப் பயணம்; அதனால்தான் காலை 9.45க்குக் கிளம்பியது இரவு எட்டரைக்கு வந்தது.

நியூட்டன் 1687இல் ஒலியின் வேகத்தைக் கணக்கிட்டபோது, நெருக்கப்படும் காற்றின் வெப்பநிலை மாறாது என்று எடுத்துக்கொண்டார். விடை அளவீட்டைவிடக் குறைவாக வந்தது. நெருக்கும்போது காற்று சூடாகிறது, அந்தச் சூடு வெளியே போக நேரமில்லை என்று பிரெஞ்சுக் கணிதவியலாளர் லாப்லாஸ் 1816இல் திருத்தினார். வேகம் சுமார் 18 சதவீதம் ஏறி அளவீட்டோடு ஒத்தது. கரும்பலகையில் இது ஒரு பெருக்கல் எண் மட்டுமே. டோங்கா அலைக்குப் போட்டுப் பார்த்தால் அதற்கு உடல் வருகிறது. நியூட்டன் சொன்னபடி நடந்திருந்தால் வேகம் நொடிக்கு 265 மீட்டர். அலை சென்னைக்கு வர இரவு பத்தேகாலைத் தாண்டியிருக்கும். லாப்லாசின் திருத்தம் இங்கே கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் பெறும். ஆறில் ஒரு பங்கு டிகிரி சூடு செய்யும் வேலை அது.

இன்னொரு முரண் பாக்கியிருக்கிறது. 27 டிகிரி வெப்பத்தில் தரையருகே ஒலியின் வேகம் நொடிக்கு 347 மீட்டர். பசிபிக் வெப்பமண்டலத்தைக் கடந்து வந்த அலை ஏன் 313இல் வந்தது? 313 என்பது பூஜ்யத்துக்குக் கீழே 29 டிகிரி குளிர்ந்த காற்றின் ஒலி வேகம். சென்னையிலிருந்து கிளம்பும் விமானம் எட்டு ஒன்பது கி.மீ. உயரத்தைத் தாண்டும்போது வெளியே இருக்கும் குளிர் அது. அதாவது அலை தரையில் மட்டும் ஓடவில்லை. தரையைப் பிடித்துக்கொண்டு, வளிமண்டலத்தின் கீழ்ப்பகுதி முழுவதையும் ஒரே தட்டாகத் தள்ளிக்கொண்டு ஓடியது; வேகமும் அந்தத் தட்டு முழுவதன் சராசரி வெப்பநிலைக்கு ஏற்ப அமைந்தது.

இப்படி ஓர் அலை இருக்க முடியும் என்பதைச் சமன்பாட்டிலிருந்து எடுத்துக் காட்டியவர் ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஹொரேஸ் லேம்ப், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அவர் பெயரிலேயே அது லேம்ப் அலை எனப்படுகிறது. இதன் அழகு, காற்று மேலும் கீழும் அசைவதே இல்லை. பக்கவாட்டில் மட்டும் போய்வருகிறது. செங்குத்தாக எடைக்கும் அழுத்தத்துக்கும் உள்ள சமநிலை குலைவதில்லை. அழுத்த மாற்றம் தரையில் மிக அதிகம். உயரம் போகப் போகக் குறைந்து, சுமார் 11 கி.மீ. உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாக நிற்கிறது. அசைவோ மேலே போகப் போகச் சற்றுக் கூடுகிறது. என் மாடிக்கு மேலே பத்து கி.மீ. உயரத்தில் இருந்த காற்று என்னைச் சூழ்ந்திருந்த காற்றைவிடக் கூடுதலாகவே நகர்ந்திருக்கும்.

நீள அலைக்கும் குறும் அலைக்கும் வேகம் ஏறக்குறைய ஒன்றே என்பதால் இது வழியில் கலைந்து போவதில்லை. வாயு ஓட்டத்துக்குக் கணினி நிரல் எழுதுகிறவர்கள் முதலில் செய்யும் சோதனை ஒன்று உண்டு. பத்து லட்சத்தில் ஒரு பங்கு உயரமுள்ள சின்னஞ்சிறு அலையை ஒரு பெட்டிக்குள் விடுவார்கள். வலப்பக்கம் வெளியேறினால் இடப்பக்கம் உள்ளே வரும்படி பெட்டியை அமைத்திருப்பார்கள். ஒரு சுற்று முடிந்ததும் அலை கிளம்பிய உருவத்திலேயே வந்து நிற்கிறதா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால் நிரலில் கோளாறு. 2022 ஜனவரியில் அந்தப் பெட்டி பூமியாகவே இருந்தது, சுற்றளவு 40,000 கி.மீ.; ஒரு சுற்றுக்கு முப்பத்தைந்தரை மணி நேரம்.

ஓடும் காற்றில் ஓடும் அலை

பெட்டிக்கும் பூமிக்கும் ஒரு வேறுபாடு, பூமியின் காற்று நிற்பதில்லை. ஓடும் வாயுவில் சிறு கலக்கம் எழுந்தால் அது மூன்று வகையாகப் பிரியும். அழுத்தக் கலக்கம், ஓட்டத்தின் வேகத்தோடு ஒலியின் வேகத்தைக் கூட்டியோ கழித்தோ ஓடிவிடும். சூடான திட்டு எங்கும் ஓடாது. ஓட்டம் கொண்டுபோகும் இடத்துக்குப் போகும். சுழலும் அப்படியே. கலக்கம் சிறிதாக இருக்கும்வரை இந்த மூன்றும் ஒன்றையொன்று தொடுவதில்லை. 1953இல் பாய்ம ஓட்ட ஆய்வாளர் கொவாஸ்னாய் இதைச் சீராக எழுதி வைத்தார்.

டோங்காவில் இந்தப் பிரிவைக் கண்ணால் பார்க்க முடிந்தது. அழுத்த அலை ஒன்றரை நாளில் உலகைச் சுற்றிவிட்டது. ஏறக்குறைய 14.6 கோடி டன் நீராவி, மேகங்களுக்கு மேலே உள்ள அடுக்கு மண்டலத்தில் போய் நின்றது. அந்த மேகம் அங்கே வீசிய காற்றோடு மேற்கே நாட்கணக்கில் மெல்ல நகர்ந்தது. ஒரே வெடிப்பின் இரண்டு பிள்ளைகள், ஒன்று தபாலை வாங்கிக்கொண்டு ஓடியது, மற்றொன்று மாட்டுவண்டியில் போனது.

காற்றோடு போகும் அலைக்கும் எதிர்த்துப் போகும் அலைக்கும் வேகம் ஒன்றாக இருக்காது. வழிநெடுகச் சராசரியாக நொடிக்கு 10 மீட்டர் காற்று உடன் வீசினால் சுற்று முப்பத்துநான்கரை மணி நேரத்தில் முடியும். எதிர்த்தால் முப்பத்தாறே முக்கால் ஆகும். 1883இலேயே இந்த வித்தியாசம் பிடிபட்டது. ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி என்ற படைத் தளபதி, பல ஊர்களின் பாரமானிக் காகிதங்களை வாங்கி வரிசைப்படுத்தி, கிராக்கட்டோவா அலை ஏழுமுறை கடந்துபோனதைக் காட்டினார்: நான்கு முறை வெளியே போகும்போது, மூன்று முறை திரும்பும்போது. கிழக்கே போனதும் மேற்கே போனதும் ஒரே வேகத்தில் போகவில்லை. மேலே எப்படிக் காற்று வீசுகிறது என்று அளக்க ஒரு பலூன்கூடச் சரியாக இல்லாத காலத்தில், உலகக் காற்றின் சராசரிப் போக்கு ஒரு எரிமலையின் மூலம் காகிதத்தில் வந்து விழுந்தது.

சென்னையும் டோக்கியோவும்

இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. குளத்தில் கல்லெறிந்தால் வளையம் பெரிதாகப் பெரிதாக அலை தணியும். உருண்டையின் மேல் அப்படி இல்லை. டோங்காவை வடதுருவமாக நினைத்துக்கொள்ளுங்கள். அலையின் வளையம் 'நிலநடுக்கோடு' வரை, அதாவது 10,000 கி.மீ. வரை பெரிதாகிறது. அதைத் தாண்டியதும் வளையம் சுருங்கத் தொடங்குகிறது. சுருங்கும் வளையத்தில் ஆற்றல் மறுபடி நெருங்குகிறது. ஆக, பாதித் தூரத்துக்கு அப்பால் அலை தணியாமல் வலுக்க வேண்டும்.

டோக்கியோ டோங்காவிலிருந்து சுமார் 7800 கி.மீ. சென்னை சுமார் 12,000. நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் மற்றொன்று. இரண்டும் நடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரம். வளையத்தின் நீளம் இரண்டு இடத்திலும் ஒன்றே. எனவே வளைய நீளத்தை மட்டும் பார்த்தால், ஜப்பான் பெற்ற அதே தள்ளலை, 4000 கி.மீ. கூடுதலாகத் தள்ளியிருக்கும் சென்னையும் பெற்றிருக்க வேண்டும். உராய்விலும் காற்றின் ஏற்ற இறக்கங்களிலும் கொஞ்சம் கழியும், அவ்வளவே.

வளையம் கடைசியில் ஒரு புள்ளிக்குச் சுருங்க வேண்டும். டோங்காவுக்கு நேர் எதிரே பூமியின் மறுபக்கம் இருப்பது தெற்கு அல்ஜீரியாவின் சகாரா. கிளம்பி சுமார் 18 மணி நேரத்தில் எல்லாத் திசையிலிருந்தும் அலை அங்கே வந்து கூடியது. சரியான புள்ளியாக அல்ல. வெப்பமண்டலத்தின் மேல் வந்த பகுதி முந்தியும், துருவக் குளிரின் மேல் வந்த பகுதி பிந்தியும் வந்ததால் கூடுமிடம் கலைந்திருந்தது. கூடிய பிறகு? ஒன்றும் ஆகவில்லை. ஒவ்வொரு பகுதியும் மற்றவற்றின் ஊடாகப் புகுந்து, தன் வழியே மறுபக்கம் வெளியேறி, டோங்காவை நோக்கித் திரும்பிப் போனது. கோயில் திருவிழாவில் எதிரெதிரே வரும் இரண்டு கூட்டங்கள் முட்டாமல் மோதாமல் கடப்பதை யாராவது பார்த்திருக்கிறார்களா? நேரியல் அலைகளுக்கு அது இயல்பு. கூடும் இடத்தில் உயரங்கள் கூட்டப்படும். பிரிந்த பிறகு பழைய கணக்கு ஒன்றுமே இல்லை.

கடல் ஏமாந்த விதம்

ஜப்பானில் இந்த அலை வெறும் பாரமானிச் செய்தியாக நிற்கவில்லை. அன்று மாலை ஏழு மணியளவில், கடல் மட்டம் சற்று மாறலாம், சேதத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை என்று அந்நாட்டு வானிலைத் துறை அறிவித்தது. எரிமலையிலிருந்து கடல் வழியாக வரும் சுனாமியின் நேரமும் கணக்கிடப்பட்டிருந்தது. ஆனால் கடல் அதற்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேல் முன்னதாகவே ஆடத் தொடங்கியது. நள்ளிரவை ஒட்டி அமாமி தீவில் 1 மீட்டருக்கு மேல் உயர்ந்தது. எச்சரிக்கை அதன்பின்தான் வந்தது.

4000 மீட்டர் ஆழக் கடலில் சுனாமியின் வேகம் நொடிக்கு 200 மீட்டர் அளவே. காற்றலை 313. ஆக, கடலைத் தொட்டுக்கொண்டே காற்றலை முன்னே ஓடியிருக்கிறது. நின்றுகொண்டிருக்கும் உயர் அழுத்தத்தின் கீழே கடல் தாழும்: 2 ஹெக்டோபாஸ்கலுக்கு 2 சென்டிமீட்டர். மீனவர்களும் வானிலைக்காரர்களும் அறிந்த விதி. ஆனால் அழுத்தம் கடலலையைவிட வேகமாக ஓடும்போது விதி தலைகீழாகிறது. தாழ்வதற்குப் பதில் கடல் உயர்கிறது, சுமார் ஒன்றேகால் சென்டிமீட்டர். இதுவும் நேரியல் கணக்கே. ஊஞ்சலை அதன் தாளத்தைவிட வேகமாக ஆட்டினால் அது கைக்கு எதிராக ஆடுவதைப் போல.

ஒன்றேகால் சென்டிமீட்டர் 1 மீட்டர் ஆவது எப்படி? கடலடியில் மேடு பள்ளம் வரும் இடமெல்லாம், காற்றலைக்குக் கட்டுப்பட்டு ஓடிய நீரில் ஒரு பகுதி கட்டறுத்துத் தனி அலையாகிறது. அகழிகளின் ஆழம் 10,000 மீட்டரை நெருங்கினால் கடலலையின் வேகமும் காற்றலையின் வேகமும் ஒன்றாகி, தள்ளல் முழுவதும் நீரில் சேர்கிறது. பிறகு கரையோர ஆழமின்மையும் துறைமுகங்களின் வடிவமும் பெருக்கிக்கொள்கின்றன. டோங்காவிலிருந்து நீர்வழியே எளிதில் எட்ட முடியாத கரீபியனிலும் மத்தியதரைக் கடலிலும்கூட அன்று சிறு அலைகள் பதிவாயின. நிலம் கடலைத் தடுக்கும், காற்றைத் தடுக்காது.

பத்து மணி மர்மம்

சென்னையின் பாரமானிக்குத் தினசரி ஒரு பழக்கம் உண்டு. காலை பத்து மணியளவில் உயரும், மாலை நான்கு மணிக்குத் தாழும், இரவு பத்துக்கு மறுபடி உயரும், விடிகாலை நான்குக்குத் தாழும். வெப்பமண்டலம் முழுவதும் இப்படித்தான். சூரியன் நாளுக்கு ஒருமுறைதானே உதிக்கிறது, அழுத்தம் ஏன் இருமுறை ஆடுகிறது? 1882இல் இயற்பியலாளர் கெல்வின் ஒரு விடை சொன்னார்: வளிமண்டலத்தின் இயல்பான அதிர்வுக் காலம் 12 மணிக்கு மிக அருகில் இருக்க வேண்டும், தாளம் ஒத்துப்போவதால் வரும் ஒத்ததிர்வில் அந்த ஆட்டம் பெருகுகிறது.

நல்ல யோசனை. சோதிப்பது எப்படி? ஒத்ததிர்வு நடக்க, வளிமண்டலத்தின் தன்னிச்சையான அலை நொடிக்கு சுமார் 278 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். 1929இல் பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஜி. ஐ. டெய்லர் கிராக்கட்டோவா பதிவுகளை எடுத்துப் பார்த்தார். அலை 319இல் ஓடியிருந்தது. கதை முடிந்தது என்று தோன்றியது. 1937இல் புவி இயற்பியலாளர் பெக்கரிஸ் அதை மீண்டும் திறந்தார். மேலே ஒரு வெப்பமான அடுக்கு இருந்தால் வளிமண்டலத்துக்கு ஒன்றல்ல, இரண்டு இயல்பு அலைகள் இருக்க முடியும். இரண்டாவது மெதுவானது, கீழ்ப்பகுதியும் மேல்ப்பகுதியும் எதிரெதிர்த் திசையில் அசைவது. போருக்குப் பிறகு ராக்கெட்டுகள் மேலடுக்கின் வெப்பநிலையை அளந்தபோது பெக்கரிசுக்குத் தேவையான அளவு அது சூடாக இல்லை. பன்னிரண்டு மணி ஆட்டத்துக்கு ஓசோனும் நீராவியும் சூரிய வெப்பத்தை உறிஞ்சுவதே போதும் என்று பிறகு தெளிந்தது. பெக்கரிசின் இரண்டாவது அலை பாடநூல்களின் அடிக்குறிப்பில் போய் ஒதுங்கியது.

டோங்கா அதை எழுப்பிவிட்டது. ஜப்பானின் ஹிமாவாரி-8 செயற்கைக்கோளின் படங்களில், லேம்ப் அலைக்குப் பின்னால் நொடிக்கு சுமார் 245 மீட்டரில் இன்னொரு மெல்லிய வளையம் விரிந்துகொண்டிருந்ததை வதனபேயும் உடன் ஆய்வாளர்களும் 2022இலேயே காட்டினார்கள். அசைவின் வடிவம் பெக்கரிஸ் சொன்னபடியே இருந்தது. வேகம் 278 அல்ல. ஆகவே கெல்வினின் ஒத்ததிர்வு உயிர்பெறவில்லை. ஆனால் தப்பான கேள்விக்குச் சொன்ன விடை, 85 ஆண்டுகள் கழித்துச் சரியான அலையாக வந்து நின்றது. என் கணக்கில் அது சென்னையைக் கடந்த நேரம் அன்றிரவு 11.20. கரும்புச் சக்கையை அள்ளிப் போட்டுவிட்டுப் படுத்திருந்தேன்.

லேம்ப் அலையில் கிழக்கே கிளம்பிய பாதி, 28,000 கி.மீ. நீண்ட வழியில் அமெரிக்கக் கண்டத்தையும் ஆப்பிரிக்காவையும் கடந்து மேற்கிலிருந்து சென்னைக்கு வந்தது மறுநாள் காலை சுமார் 10.40க்கு. காணும் பொங்கல், கொரோனாவுக்கான ஞாயிற்றுக்கிழமை முழு ஊரடங்கு என்பதால் மெரினா வெறிச்சோடிக் கிடந்தது. நேரம் மோசமானது. பாரமானி தன் தினசரி உச்சத்தில் இருக்கும் வேளை. அந்த ஏற்ற இறக்கம் எரிமலை அலையைவிடப் பெரியது. காகிதத்தில் பார்த்தால் ஒரு மேட்டின் மேல் ஒரு சிறு முள் அளவே தெரியும். அதைத் தனியே எடுக்க, முந்தைய நாட்களின் அதே நேர வளைவை வாங்கி நேரடியாகக் கழித்தால் போதும். இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் வெறுமனே கூட்டப்பட்டிருப்பதால்தான் கழிக்க முடிகிறது. மூன்றாவது முறை 17ஆம் தேதி காலை எட்டு மணியளவில் வந்தது. நான்காவது அன்றிரவு 10.10க்கு, அதுவும் இரவு உச்சத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்திருக்கும்.